நிக்கிற கடை

என் கணவர் கொண்டுவந்த முதல் கோப்பியைப் பார்த்ததும், அதைக் கேட்டிருந்த ஆள் துள்ளி எழுந்து நின்றுவிட்டார்.

அவர் மட்டும் எழுந்திருந்தால் பரவாயில்லை. பெஞ்சின் ஒரு கோடியில் அவர் உட்கார்ந்திருந்தார். மறு கோடியில் இன்னொருவர், நல்ல கனத்த சரீரம். நடுவில் ஆளில்லை. இந்தக் கோடி காலியானதும் அந்தக் கோடி சரிந்தது. கனத்த சரீரக்காரர் பொத்தென்று தரையில் உட்கார, பெஞ்சு அவர் மடியில் ஏறிக்கொண்டது.

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்றார் விழுந்தவர். விழுந்தவரும் அவர்தான், மன்னிப்புக் கேட்டவரும் அவர்தான். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, அவரும் கையைக் கட்டி நேராக நின்றார்.

என் கணவர் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டும், மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டையும், மினுமினுக்கும் சப்பாத்துமாகக் கோப்பியை ஏந்திக்கொண்டு நின்றார்.

"உக்காரு" என்றார்.

"இருக்கட்டுங்க ஐயா."

"உக்காருன்னு சொல்றேன்ல!"

"இல்லைங்க ஐயா. நிக்கிறதுதான் ஒடம்புக்குச் சொகம்."

இருவரும் நின்றபடியே கோப்பியை மடக் மடக்கென்று குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டு ஓடியே போனார்கள். சாக்குத் திரைக்குப் பின்னால் அடுப்படியில் இருந்த நான், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினேன். சிரிக்கக்கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். பிறவிக் கோளாறு. அன்றைக்குக் கட்டாயம் சிரித்திருக்கக் கூடாது. அந்தக் கடை ஓடாவிட்டால் அடுத்த கப்பலில் என்னை நாகப்பட்டினத்துக்கு ஏற்றி அனுப்பிவிடுவதென்று ஏற்பாடு.

சிலம்பு வந்த கதை

கிராணி வீட்டு அம்மாளாக இருந்தவள் ஜொகூர் பாரு ரயிலடியில் இட்டலி சுட வந்தது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி மலாயாவுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. செனாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். மேட்டின் உச்சியில் வெள்ளைக்காரத் துரையின் பங்களா. அடிவாரத்தில் பால் மரம் வெட்டும் தொழிலாளிகளின் லயம், அதாவது வரிசை வீடுகள். நடு மேட்டில் கிராணி வீடு, அதாவது எங்கள் வீடு. கிராணி என்றால் இங்கிலீஷ் படித்துவிட்டுத் தோட்டத்து ஆபீசில் எழுதுகிறவர்.

மேலே போய்ப் பேச எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கீழே போய்ப் பேசக் கௌரவம் இடம் கொடுக்காது. ஆகவே கோழிகளோடு பேசிக்கொண்டிருந்தேன். நல்ல கோழிகள். ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் தலைக்கனம்.

விடியுமுன் பெரட்டு நடக்கும். தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத்தான் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். என் கணவர் பெயர் கூப்பிடுகிற சத்தம் நடு மேடுவரை கேட்கும். "டேய் வீராசாமி!" என்பார். "ஐயா!" என்று பதில் வரும். கிராணி முன்னால் தொழிலாளி உட்காருகிற வழக்கம் அங்கே கிடையாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து நிற்கவேண்டும். வழியில் கிராணி வந்தால் குடையை மடக்கவேண்டும். எனக்கு அப்போது இதெல்லாம் விசித்திரமாகக்கூடத் தோன்றவில்லை, இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் என் கணவர், வெயிலுக்குப் போடுகிற சோலாத் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். முகமே சரியில்லை.

"சிலம்பு வந்துடுச்சு" என்றார்.

ஊரில் நாங்கள் கொலுசு என்போம். படித்த மனிதர், அதனால் செந்தமிழில் சிலம்பு என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் செய்யச் சொல்லியிருக்கிறார்! ஓடிப்போய்க் காலைத் தேய்த்துக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து, பாதத்தை அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார்.

"என்ன இது?"

"போட்டு விடுங்க."

"எதை?"

"சிலம்பைத்தான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டது. உலகம் முழுக்க வியாபாரம் படுத்துவிட்டதாம். அதற்கு இங்கிலீஷில் ஸ்லம்ப் என்று பெயராம். ரப்பரை வாங்க ஆளில்லையாம். சின்னக் கிராணி இனி வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டாராம். நான் நீட்டிய காலை மெதுவாக மடக்கிக்கொண்டேன்.

ஊரெல்லாம் லீவு

தொழிலாளிகளுக்காவது கவர்மெண்டே கப்பல் ஏற்பாடு செய்து ஊருக்கு அனுப்பியது. கிராணிகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு வந்து, ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கோப்பிக் கடைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்தோம்.

அந்த நாட்களில் சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். இஸ்திரி போட்ட கால்சட்டையும் தொப்பியுமாகப் படித்த கனவான்கள் கூட்டம் கூட்டமாக உலாத்துவார்கள். ஆபீஸ் விட்டு வருகிற களை முகத்தில் இருக்கும். ஒருவருக்கும் ஆபீஸ் இருக்காது. "என்ன, இந்தப் பக்கம்?" என்று கேட்டால் ஒரே பதில்தான், "லீவு." ஊர் முழுக்க லீவில் இருந்தது.

அங்கேதான் சின்னத்துரை என்கிற யாழ்ப்பாணத்துக்காரர் என் கணவருக்குச் சிநேகமானார். ரயில்வே ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த பிரம்மச்சாரி. அவரும் லீவு. இருவரும் உலக விவகாரங்களை அலசிவிட்டு, லீவு எப்போது முடியும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளாமல் பிரிவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானம். நானும் என் கணவரும் தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாதபடி நின்றோம். தூணின் மறுபக்கத்தில் இன்னொரு வெள்ளைக் கோட்டு ஒளிந்துகொண்டிருந்தது. இரண்டு கோட்டும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தன.

"லீவோ?" என்று கேட்டார் சின்னத்துரை.

"ஆமா. நீங்க?"

"ஓம், லீவுதான். நல்ல சோறு எண்டு கேள்விப்பட்டன்."

எனக்கு வந்ததே சிரிப்பு! சாமி சன்னதி என்றுகூடப் பார்க்கவில்லை. முதலில் என் கணவர் முறைத்தார், அப்புறம் அவரும் சிரித்தார், அப்புறம் சின்னத்துரை. பந்தியில் மூவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம். அதன் பிறகு எங்களுக்குள் லீவு என்ற பேச்சு இல்லை.

கப்பலும் இட்டலியும்

குளுவாங்கில் இருந்த என் கணவருடைய அக்கா குடும்பத்துக்கும் வேலை போயிற்று. அவர்கள் கப்பலேற முடிவு செய்தார்கள்.

"நீயும் அவங்களோட போயிரு" என்றார் என் கணவர். "காலம் சரியானதும் கூப்பிட்டுக்கறேன்."

அந்த "கூப்பிட்டுக்கறேன்" எனக்குத் தெரியும். ஊரில் எங்கள் தெருவிலேயே அந்த ஒரு வார்த்தையை நம்பித் தலை நரைத்த பெண்கள் இருந்தார்கள். எனக்கு அவரை விட்டுப் போக இஷ்டமில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதைச் சொல்ல அன்று வாய் வரவில்லை.

"எனக்கு இட்டலி நல்லா வரும்" என்று சொன்னேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கினேன். தவுக்கேயின் கடையை ஒட்டி இருந்த கடை பூட்டிக் கிடந்தது. அதன் முன்னால் அஞ்சடி, அதாவது கடைத்தெருவில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்கிற நடைபாதை, சும்மா இருந்தது. இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, ஓர் அடுப்பு போதும்.

"கிராணி கடை போடறதா? ஆளுங்க பார்த்தா என்ன நெனைப்பாங்க?"

"பசிக்குதுன்னு நெனைப்பாங்க" என்றேன்.

சின்னத்துரை என் பக்கம் சேர்ந்தார். "இதில வெக்கப்பட என்ன கிடக்கு? தங்கச்சி சொல்லுறது சரி. லீவில நிக்கிற ஆக்கள் பொழுதுபோக்குக்கு ஒண்டு செய்யினம், அவ்வளவுதான்."

கடைசியில் ஓர் உடன்பாடு. அக்காவின் கப்பல் புறப்படும்வரை கடை. ஓடினால் நான் இங்கே. ஓடாவிட்டால் பெட்டியும் நானும் கப்பலில். இதற்கு நடுவே என் கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கோட்டைக் கழற்றமாட்டார்.

இருங்கோ

முதல் நாள் நடந்ததைத்தான் மேலே சொன்னேன். இரண்டாம் நாளும் அதே கதை. ரயில் பாதையில் வேலை செய்கிறவர்கள், ரோட்டுக்குக் கல் போடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று எங்களுக்கு வந்த ஆட்கள் எல்லோரும் ஒரு காலத்தில் தோட்டத்தில் இருந்தவர்கள். கிராணியை அவர்கள் நடையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இட்டலித் தட்டோடு என் கணவர் வருவார், பெரட்டுக் களத்தில் வருகிற அதே நடை. பெஞ்சு முழுவதும் எழுந்து நிற்கும்.

"நீங்க உள்ளேயே இருங்க. சின்னத்துரை அண்ணனை அனுப்புங்க" என்றேன்.

சின்னத்துரை தங்கமான மனிதர். பேச்சில் மரியாதை சொட்டும். ஆட்களைப் பார்த்ததும் இரண்டு கையாலும் பெஞ்சைக் காட்டி, "இருங்கோ, இருங்கோ" என்றார்.

யாழ்ப்பாணத்தில் "இருங்கோ" என்றால் உட்காருங்கள் என்று அர்த்தம். நம் ஆட்களுக்கு "இருங்க" என்றால் பொறுங்கள் என்று அர்த்தம்.

"சரிங்க, இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் நின்றார்கள்.

"ஏன் நிக்கிறியள்? இருங்கோவன்!"

"இருக்கோம்ங்க. அவசரமில்லைங்க."

"அப்ப இருங்கோ!"

"இருந்துக்கிட்டுத்தானே இருக்கோம்!"

நான் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. "எத்தனை பேருண்ணே?" என்று கேட்டால் சின்னத்துரை "மூண்டு பேர் நிக்கினம்" என்பார். அவர் ஊரில் ஆள் வந்திருக்கிறார் என்பதையும் நிற்கிறார் என்றுதான் சொல்வார்கள். எங்கள் கடையைப் பொறுத்தவரை அவர் சொன்னது இரண்டு விதத்திலும் உண்மை.

இதில் இன்னொரு சனியன் அவருடைய பெயர். தோட்டத்தில் பெரிய துரைக்கு அடுத்த வெள்ளைக்காரனுக்குச் சின்னத்துரை என்று பெயர். ஒருநாள், எப்படியோ, இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். நான் திரைக்குப் பின்னால் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து என் கணவர் உள்ளேயிருந்து, "சின்னத்துரை! இங்க வாங்க!" என்று கூப்பிட்டார். ஒருவர் பீடியை மேசைக்கு அடியில் போட்டார், மற்றவர் தலைப்பாகையை அவிழ்த்தார், இருவரும் தெருவைப் பார்த்தபடி சலாம் போட்டு நின்றார்கள். துரையின் கார் எங்கே என்று தேடினார்கள் பாவம்.

"பேரை மாத்தலாமா?" என்று கேட்டார் என் கணவர்.

"அப்பா அம்மா வைச்ச பேரை இட்டலிக்காக மாத்துறதோ?" என்று சின்னத்துரை கோபித்துக்கொண்டார். கோபம் வந்தால் மேசைமேல் பத்து விரலாலும் டைப் அடிப்பார். அன்று முழுக்க அடித்தார்.

கோப்பி குடித்த முதலாளி

பிறகு நிலைமை இன்னும் முற்றியது. கிராணி ஐயா கையில் தட்டு ஏந்தி வருவதை ஆட்களால் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஐயா, குடுங்க ஐயா, நீங்க போய்த் தூக்கிக்கிட்டு!" என்று ஒருவர் தட்டைப் பிடுங்கினார். இன்னொருவர் துண்டால் பெஞ்சைத் துடைத்து, "நீங்க உக்காருங்க ஐயா" என்று அவரை உட்காரவைத்தார். மூன்றாமவர் சாக்குத் திரைக்கு வெளியே நின்று, "அம்மா, ஐயாவுக்கு ஒரு கோப்பி" என்று என்னிடமே வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தார். சின்னத்துரைக்கும் ஒன்று வந்தது. வந்த ஆட்கள் எங்கள் வீட்டு மனிதர்களுக்குப் பரிமாறிவிட்டு, தங்கள் இட்டலியை இலையில் கட்டிக்கொண்டு பக்கத்துத் தவுக்கேயின் கடைக்குப் போனார்கள். அங்கே ஒரு காலைத் தூக்கி நாற்காலிமேல் மடித்து வைத்துக்கொண்டு, தவுக்கேயின் கோப்பியோடு என் இட்டலியைத் தின்று, சத்தமாகக் கதை பேசினார்கள்.

அந்தத் தூக்கி வைத்த காலைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறெரிந்தது. ஆள் சௌகரியமாக இருக்கிறான், இன்னொரு கோப்பி கேட்பான் என்பதற்கு அதுதான் அடையாளம்.

தவுக்கே நல்லவர். ஒருநாள் வந்து எங்கள் பெஞ்சைக் குனிந்து பார்த்தார், புரட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "அலமாக்! அட பிஜாட் கா?" என்று கேட்டார். மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்கிறார். அவரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்து, ஒன்றும் கடிக்காததால் குழம்பிப்போய் எழுந்து போனார்.

ஊரில் எங்களுக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. "எங்கேய்யா வாங்கின, இட்டலி பஞ்சாட்டம் இருக்கு?" என்றால், "அந்த நிக்கிற கடையில" என்பார்கள்.

கடை நின்றது, ஓடவில்லை. கப்பல் நாளும் வந்தது. முந்தின சாயங்காலம் என் டிரங்குப் பெட்டியை நானே அடுக்கினேன். கூறைப்புடவையை அடியில் வைத்தேன். அவர் கயிறு போட்டுக் கட்டினார். முடிச்சை ரொம்ப நேரம் போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் எழுந்திருக்கும்போது கால் தடுக்கி, மறுநாளைக்கென்று வைத்திருந்த சாம்பார்ச் சட்டியைக் கோட்டின் மேலேயே கவிழ்த்துக்கொண்டார்.

கோட்டு காயாத காலை

விடிந்தபோது மழை. அலசிப் போட்ட கோட்டு அடுப்புக்கு மேலே சொட்டச் சொட்டத் தொங்கியது. அவர் கைலியும் பனியனுமாக, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். "கோட்டு காயாம நான் வெளியே வரமாட்டேன்" என்றார். சின்னத்துரை அக்கா குடும்பத்தை அழைத்துவர ரயிலடிக்குப் போயிருந்தார்.

அந்த நேரத்தில் லாரிகள் வந்து நின்றன. ஏதோ தோட்டத்து ஆட்கள், குடும்பம் குடும்பமாக. எல்லோரும் கப்பலுக்குப் போகிறவர்கள். கப்பல் சிங்கப்பூரில்; அங்கே போகிற ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. மழைக்கு எங்கள் அஞ்சடியில் ஒதுங்கினார்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் அன்று எப்படிப் போவார்கள் என்று சொல்லவேண்டும். மலாயாவிலிருந்து வருகிறவன் வெறும் ஆளாகப் போய் இறங்க முடியுமா? பழைய துணிக் கடைகளில் கோட்டும் தொப்பியும் அப்போது மலிவு. வேலை போன கிராணிகள் விற்றதுதான் எல்லாம். ஆக, கிராணிகள் கோட்டில்லாமல் இங்கே இருந்தார்கள், அவர்கள் கோட்டுகள் எல்லாம் கப்பலேறிக்கொண்டிருந்தன.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் வந்தார். கறுப்புக் கோட்டு. முகம் மறைய இறக்கிய சோலாத் தொப்பி. கையில் வளைந்த பிடி வைத்த குடை. காலில் சப்பாத்து, கொஞ்சம் கடித்திருக்கவேண்டும், நடை ஒரு மாதிரி நிதானமாக இருந்தது.

என் கணவர் திரை இடுக்கில் பார்த்தார். "யாரோ பெரிய ஆபீசரு" என்று பதறி எழுந்தார். கோட்டாவது ஒன்றாவது! பனியனோடு வெளியே ஓடினார்.

"வாங்க சார்! வாங்க வாங்க! மழையில நனைஞ்சிட்டீங்களே!" துண்டை எடுத்துப் பெஞ்சைத் துடைத்தார். "உக்காருங்க சார்!"

பெரிய மனிதர் உட்கார்ந்தார். சப்பாத்துக் கடியில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, சூடா ஒரு கோப்பி கலக்கு. இட்டலி இருக்கா?"

"இருக்கு சார்!"

"வையி. எங்காளுங்களுக்கும் வையி."

அவர் உட்கார்ந்ததைப் பார்த்து அவருடைய ஆட்களும் உட்கார்ந்தார்கள். பனியன் போட்ட ஆளுக்கு யார் எழுந்து நிற்பார்கள்? இரண்டு பெஞ்சும் நிரம்பிவிட்டது. என் கடையில், என் பெஞ்சில், மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! நான் கரண்டியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் இலையைப் போட்டு, குனிந்து இட்டலி வைத்தார். பெரிய மனிதர் நெற்றியைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றினார்.

வீராசாமி. எங்கள் பழைய தோட்டத்தில் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடும்போது முதலில் நிற்கிற வீராசாமி.

இருவரும் மூக்குக்கு மூக்கு பார்த்துக்கொண்டார்கள்.

"ஐ..." என்றார் வீராசாமி. "யா" வருமுன்பே முழங்கால் நிமிரத் தொடங்கிவிட்டது. அவருக்குப் பின்னால் பெஞ்சே அசைந்தது. எனக்குக் கண் முன்னால் எல்லாம் ஓடியது. எழுந்திருப்பார், பெஞ்சு சரியும், அத்தனை பேரும் நிற்பார்கள், நான் கப்பலில் உட்கார்ந்திருப்பேன்.

என் கணவரின் ஒரு கையில் சட்னிக் கிண்ணம். மற்றொரு கை வீராசாமியின் தோளில் விழுந்தது.

"உக்காருங்க" என்றார்.

அந்த "ங்க"வை நான் கேட்டேன். தோட்டத்தில் இருந்தவரை ஒருநாளும் அவர் வாயிலிருந்து வீராசாமிக்கு அது போனதில்லை. வீராசாமியும் கேட்டார் போலிருக்கிறது. பாதி எழுந்த நிலையிலேயே நின்றுவிட்டார்.

"நான் தெரியாம தம்பின்னு..."

"இட்டலி ஆறிடும். உக்காருங்க சார்."

"நான் சாருங்களா ஐயா?"

"கோட்டு போட்டிருக்கீங்கள்ல."

"அப்ப நீங்க?"

என் கணவர் தன் பனியனைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "நான் தம்பி. இப்பத்தானே கூப்பிட்டீங்க?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. முந்தானையைத் தேடக்கூட நேரமில்லை. திரைக்குப் பின்னாலிருந்து என் சிரிப்பு வெடித்துக்கொண்டு வெளியே போனது. அடுத்தது வீராசாமி. தொப்பியை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, பொத்தென்று பெஞ்சில் திரும்பி விழுந்து சிரித்தார். அப்புறம் யார் சிரித்தது, யார் சிரிக்கவில்லை என்று சொல்லமுடியாது. பக்கத்துக் கடைத் தவுக்கேகூட வந்து பார்த்துவிட்டு, விஷயம் புரியாமலே சிரித்தார்.

ஆள் பத்தல

அப்புறம் கேட்கவேண்டுமா! "தம்பி, இங்க சட்டினி!" "தம்பி, கோப்பி!" என்று மாறி மாறிக் கூப்பாடு. முதலில் கொஞ்சம் விளையாட்டுக்குத்தான் கூப்பிட்டார்கள். அவரும் விளையாட்டுக்குத்தான் "வந்துட்டேண்ணே, வந்துட்டேங்க்கா" என்று ஓடினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் விளையாட்டு மறந்துபோய், பசியும் வேலையும்தான் இருந்தன.

அடுப்புக்கு மேலிருந்த கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். "காஞ்சிருச்சு" என்று எடுத்து நீட்டினேன்.

"அது கெடக்கட்டும். இன்னொரு ஈடு ஊத்து" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மறுபடி உள்ளே வந்தவர் அங்கும் இங்கும் பார்த்தார். மூலையில் கட்டி வைத்திருந்த என் டிரங்குப் பெட்டியின் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, அது என் பெட்டி!"

"தெரியுது. வெளியே ஒக்கார எடமில்ல. வயசான அம்மா ஒண்ணு நிக்குது."

பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அஞ்சடியில் போட்டார். அதே நேரத்தில் சின்னத்துரை ஒரு குடைக்குள் அக்காவையும் பிள்ளைகளையும் அடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கடையைப் பார்த்ததும் அப்படியே வாயைப் பிளந்துவிட்டார்.

"தங்கச்சி! எல்லாரும் இருக்கினம்!"

"உக்கார்ந்திருக்காங்கண்ணே!" என்று நானும் கத்தினேன். அர்த்தம் இந்த முறை ஒத்துப்போயிற்று.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னடா இது, பனியனோட? அவ பொட்டி எங்க? ரயிலு வரப்போவுது!"

என் கணவர் இரண்டு கையிலும் கோப்பிக் கிளாஸோடு, முகத்தில் வேர்வை வழிய, போகிற போக்கில் பதில் சொன்னார்.

"அவ வரலக்கா. இங்க ஆள் பத்தல."

கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் எத்தனையோ நல்ல வார்த்தைகள் சொல்லியிருக்கிறார், செந்தமிழில்கூட. அந்த "ஆள் பத்தல"வுக்கு ஈடாக ஒன்றும் இல்லை. மாவுக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண் எரிந்து, அழுகையா எரிச்சலா என்று தெரியாமல், சிரித்துக்கொண்டே சட்னிப் பாத்திரத்தோடு திரையை விலக்கி வெளியே வந்தேன். அதுவரை நான் அந்தத் திரையைத் தாண்டி வந்ததில்லை.

என் பெட்டியின்மேல் அந்த வயதான அம்மாள் ஒரு காலைத் தூக்கி மடித்து வைத்துக்கொண்டு, கோப்பியை ஊதிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிராணி வீட்டு அம்மாள் என்று யாரோ காதில் சொன்னார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"தங்கச்சி" என்று இலையை நீட்டினார். "கொஞ்சம் சட்டினி வையி."

எழுந்திருக்கவே இல்லை.